பெல்ட்டா, புல்லியா

என் மகனுடைய காரில் இரண்டு வாரமாக ஒரு சத்தம். ஏ.சி.யைப் போட்டவுடன் கீச்சென்கிறது என்று வீட்டில் எல்லாரும் சொல்கிறார்கள். அணைத்த பிறகும் அடியில் ஒரு முனகல் இருப்பது பின் இருக்கையில் உட்காரும் என் காதுக்கு மட்டும் கேட்கிறது. மெக்கானிக் மூடியைத் திறந்து பார்த்து, "பெல்ட்டுதான் சார்" என்று மாற்றிக் கொடுத்தான். மூன்றாம் நாள் சத்தம் திரும்பிவிட்டது. ஏ.சி.யை அணைத்தும் முனகல் நிற்கவில்லை என்றால் குற்றம் கம்ப்ரஸருக்குள்ளே இல்லை. அதன் முகத்தில் பெல்ட்டைத் தாங்கி எந்நேரமும் சுற்றிக்கொண்டிருக்கும் சக்கரமான புல்லியில்தான் இருக்க வேண்டும். மருமகள் திரும்பிப் பார்த்து, "உங்களுக்கு என்ன தோணுது மாமா?" என்று கேட்டாள். எனக்கு என்ன தெரியும் என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

பெல்ட்டா புல்லியா என்று இதற்கு முன் ஒருவர் என்னிடம் கேட்டிருக்கிறார். அப்போது நான் பதில் சொன்னேன். நான் சொன்னது பொய் இல்லை. பொய்யாக இருந்திருந்தால் மன்னிப்புக் கேட்டு முடித்திருக்கலாம்.

அது இரண்டாம் உலகச் சண்டைக் காலம். நான் இராஜபாளையத்தில் ஒரு நூற்பு மில்லில் ஸ்டோர் குமாஸ்தாவாக இருந்தேன். பாபின், ஸ்பிண்டில், பெல்ட்டுத் தோல், ஆணி எல்லாவற்றையும் எண்ணி வாங்கி எண்ணிக் கொடுப்பது என் வேலை. வேலை நேரம் முடிந்தாலும் எண்ணுவது முடியாது. எங்கள் வேதக் கோயிலில் பாதிரி ஐயர் பிரசங்கம் செய்யும்போது நான் மேலே பார்த்து உத்தரங்களை எண்ணுவேன். சாப்பிடும்போது வாய்க்குள் இத்தனை தடவை என்று மெல்லுவேன். இதைப் பார்த்து என் தங்கை சிரிப்பாள். அவளைக் கட்டியவர் சிரிக்காமல், "மச்சான், எம்புட்டு ஆச்சு?" என்று கேட்பார். அது அவள் சிரிப்பைவிட மோசம்.

அவர்கள் ஸ்ரீவில்லிபுத்தூரில் குடியிருந்தார்கள். மாப்பிள்ளைக்குப் பூர்வீகம் வன்னியம்பட்டி. அவர் வீட்டில் ஆண்கள் பட்டாளத்துக்குப் போவது வழக்கம். அப்பா போய் வந்தவர். அண்ணன்மார் இருவரும் போயிருந்தார்கள். மூத்தவரிடமிருந்து வெகு நாளாகக் கடுதாசி இல்லை. மாப்பிள்ளை மட்டும் பருத்தி ஜின்னிங் பேக்டரி லாரியில் கிளீனராகச் சேர்ந்து டிரைவரானார். பிறகு என் தங்கை கழுத்திலும் கையிலும் இருந்ததை விற்று, மலைத் தோட்டத்துத் துரை ஒருவர் ஓட்டி முடித்த பழைய கார் ஒன்றை வாங்கினார். துணிக் கூரை போட்ட கார். நான் பள்ளிக்கூடம் போன காலத்திலேயே அது வயதான கார்தான்.

வாங்கிய நேரம் சரியில்லை. பெட்ரோலுக்குக் கூப்பன் வந்துவிட்டது. சவாரி அபூர்வமானது. அந்த நாட்களில் பட்டாளத்துக்கு ஆள் எடுப்பவர்கள் ஸ்ரீவில்லிபுத்தூருக்கு அடிக்கடி வந்தார்கள். கார் ஓட்டத் தெரிந்தவனென்றால் அவர்களுக்குப் பலாப்பழம் கண்ட மாதிரி. மாப்பிள்ளை என் தங்கையிடம் வெளிப்படையாகவே சொல்லியிருந்தார்: "நெரந்தரமா ஒரு சவாரி கெடச்சா நான் இங்கதான் கெடப்பேன். கெடக்கலன்னா பேரு குடுத்துருவேன். ஒன்னயும் பட்டினி போட்டு நானும் கெடந்து என்ன செய்ய?" அவள் அப்போது ஐந்து மாதம்.

அப்படிப்பட்ட நிரந்தரச் சவாரி ஒன்று வரும்போல் இருந்தது. சோழபுரத்துப் பக்கம் நிறைய நிலம் வைத்திருந்த, வீட்டில் தெலுங்கு பேசும் பண்ணையார் ஒருவர் எங்கள் இராஜபாளையத்தில் இருந்தார். அவருடைய சொந்தக் காரைச் சர்க்கார் யுத்த வேலைக்கு எடுத்துக்கொண்டது. கூப்பன் வாங்க அவருக்குச் செல்வாக்கு இருந்தது, கார்தான் இல்லை. மாப்பிள்ளையின் காரை மாத வாடகைக்குப் பேசிக்கொள்கிறேன், சனிக்கிழமை ஒரு நடை ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டு வரை போய்ப் பார்ப்போம், பிடித்தால் அன்றைக்கே முடித்துக்கொள்வோம் என்று சொல்லி அனுப்பியிருந்தார்.

கார் கத்த ஆரம்பித்தது அதற்குப் பத்துப் பன்னிரண்டு நாள் முன்பு.

அந்தக் காலத்து எஞ்சினில் ரேடியேட்டருக்குப் பின்னால் ஒரு விசிறி இருக்கும். கீழே எஞ்சின் தண்டில் ஒரு புல்லி, மேலே விசிறியில் ஒரு புல்லி, இரண்டையும் சுற்றி ஒரு தட்டைத் தோல் பெல்ட்டு. விசிறி ஓடினால்தான் தண்ணீர் ஆறும். ஆறாவிட்டால் கொதித்து வண்டி நின்றுவிடும். துரை காலத்துப் பெல்ட்டு எப்போதோ அறுந்துபோய், மில்லில் கழித்த பெல்ட்டுத் தோலில் ஒரு கீற்று அறுத்துக் கம்பியால் தைத்து நான்தான் கொண்டுவந்து கொடுத்திருந்தேன். அதனால் சத்தம் வந்தவுடன் எல்லார் கண்ணும் பெல்ட்டின்மேல் விழுந்தது.

இராஜபாளையத்தில் இதற்கு யாரைக் கேட்டாலும் ஒரே வைத்தியம்தான். மில்லில் பெல்ட்டு கத்தினால் அது வழுக்குகிறது என்று அர்த்தம். குங்கிலியத்தை இடித்து விளக்கெண்ணெயில் குழைத்து உட்பக்கம் தடவினால் பெல்ட்டு புல்லியைக் கவ்விக்கொள்ளும், சத்தம் அடங்கும். மில்லுக்காரர்கள், மில்லுக்காரர்களுக்குச் சவரம் செய்கிறவர், சோடாக் கடைக்காரர் எல்லாரும் அதையே சொன்னார்கள். நானும் அதையே சொன்னேன். ஒரு கொட்டாங்கச்சி நிறையக் குழைத்துச் சைக்கிளில் கொண்டுபோனேன்.

தடவியதும் கார் வாயை மூடிக்கொண்டது. ஆனால் எஞ்சின் சூடேறினால் குங்கிலியம் உருகி வாசனை கிளம்பியது. மாப்பிள்ளை மோந்து பார்த்துவிட்டு, "ஏட்டி, நம்ம காரு ஆர்.சி.க்கு மாறிட்டு. பூசைக்கு மணி அடிக்கது மட்டுந்தான் பாக்கி" என்றார். என் தங்கை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். ஆர்.சி. என்கிற கத்தோலிக்கர் கோயிலில்தான் தூபம் போடுவார்கள், எங்கள் கோயிலில் கிடையாது.

வியாழக்கிழமை மில் விட்டதும் ஸ்ரீவில்லிபுத்தூர் போனேன். வாசலில் காரின் மூடி திறந்திருந்தது. மாப்பிள்ளை அதற்குள் தலையைக் கொடுத்திருந்தார்.

"மச்சான், மறுபடி கத்துது. இன்னுங் கொஞ்சம் குங்கிலியம் கொண்டாந்தீகளா?"

"போன தடவ தடவுனது எத்தன நாள் தாங்குச்சு?"

"அத எண்ணத்தான நீங்க இருக்கீக."

ஓட்டிக் காட்டினார். எனக்கு உடனே ஒரு சந்தேகம் வந்தது. முன்பு கத்தியது கீச்சென்று மேலே போகிற சத்தம். இப்போது கேட்டது கர், கர் என்று மாவு திரிப்பது போல, விட்டு விட்டு வந்தது. விட்டு விட்டு வருகிற எதையும் என்னால் எண்ணாமல் இருக்க முடியாது.

எஞ்சினை நிறுத்தச் சொன்னேன். பெல்ட்டின் தையலில் சுண்ணாம்பால் ஒரு கோடு, விசிறிப் புல்லியின் விளிம்பில் ஒரு கோடு போட்டேன். முன்னால் இருக்கும் கைப்பிடியை மெதுவாகச் சுற்றச் சொல்லிவிட்டுக் காதை வைத்துக் குனிந்துகொண்டேன். பெல்ட்டு நீளம், புல்லி சிறியது. பெல்ட்டின் தையல் ஒரு சுற்று வந்து சேர்வதற்குள் விசிறிப் புல்லி மூன்று சுற்றுக்குக் கொஞ்சம் கூடவே சுற்றுகிறது. குற்றம் பெல்ட்டில் இருந்தால், தையலோ கிழிசலோ புல்லியைத் தாண்டும்போது, பெல்ட்டின் ஒரு சுற்றுக்கு ஒரே தடவைதான் சத்தம் வர வேண்டும். சத்தம் மூன்று தடவை வந்தது. மறுபடி சுற்றச் சொன்னேன். மறுபடியும் மூன்று.

"தண்ணி கொண்டா" என்றேன். என் தங்கை செம்பில் கொண்டுவந்தாள். எஞ்சினைக் கிளப்பிப் பெல்ட்டின்மேல் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளித்தேன். வழுக்குகிற பெல்ட்டு தண்ணீர் பட்டால் சத்தத்தை மாற்றிக்கொள்ளும். ஒன்று அடங்கும், இல்லை இன்னும் கத்தும். இது தண்ணீரைச் சட்டையே செய்யவில்லை. பிறகு பெல்ட்டைக் கழற்றிவிட்டு விசிறியைக் கையால் தள்ளினேன். நன்றாக இருந்தால் சும்மா சுழன்று தானாக நிற்க வேண்டும். அரைச் சுற்றில் உறுமி நின்றது. இதழின் நுனியைப் பிடித்து மேலும் கீழும் அசைத்தேன். விழப்போகிற பல்லைப் போல ஆடியது. புல்லிக்குப் பின்னால், தண்டு நுழைகிற இடத்தில், கிரீஸோடு மஞ்சளாக ஒரு தூள் ஒட்டியிருந்தது. உள்ளே தண்டைத் தாங்கும் பித்தளை வளையமான புஷ் தேய்ந்து உதிர்ந்த தூள்.

"பெல்ட்டு இல்ல மாப்ளே. புல்லி. புஷ் போச்சு."

அவர் விரலால் தூளைத் தொட்டுப் பார்த்தார். "குங்கிலியம் போட்டா நிக்குதே?"

"அதான் கெடுதல். பெல்ட்டு வழுக்குன வரைக்கும் புல்லிக்கு இழுவை இல்ல. குங்கிலியம் போட்டு நல்லாக் கவ்விக்கிட்டதும் புஷ்ஷப் போட்டுத் தேய்க்குது. புஷ் இறுகிப் பிடிச்சுக்கிட்டா பெல்ட்டு அறுந்துரும். விசிறி நின்னுரும். இல்ல, விசிறி கழண்டு ரேடியேட்டருக்குள்ள போயிரும்."

அவர் விரலை வேஷ்டியில் துடைத்தார். "புது புஷ் கடஞ்சு வாங்கலாமா?"

"வாங்கலாம். ஆனா மில்லுல பெரிய ஷாஃப்ட்டு ஒண்ணக் கழட்டிப் போட்டிருக்கு. திங்கக்கெழம வரைக்கும் டர்னர லேத்த விட்டு அசைக்க முடியாது."

"சனிக்கெழம பண்ணையாரு ஏறுதாரு."

நான் பெல்ட்டை மறுபடி மாட்டினேன். அவரே சொன்னார்: "கிரீஸ வச்சு அமுக்கிக்கிட்டு, பெல்ட்டுக்கு ஒரு பூச்சுப் பூசிக்கிட்டா, ஏழு மைலு போயி ஏழு மைலு திரும்பாதா?"

"திரும்பும்."

"பொறவு என்ன. திங்கக்கெழம மாத்திக்கிடுவோம். பேச்சு முடிஞ்சிரட்டும்."

அதில் பெரிய தப்பு இருந்ததாக எனக்கு அப்போது படவில்லை. இப்போதும் படவில்லை. என் தங்கை செம்பைக் கையில் வைத்துக்கொண்டு வாசற்படியில் நின்றாள். "நீங்களும் கூடப் போங்கண்ணே. நீங்க இருந்தா அவியளுக்குத் தைரியமா இருக்கும்" என்றாள். சரி என்றேன். சனிக்கிழமை மில்லில் அரை நாள் லீவு சொன்னேன்.

சனிக்கிழமை காலை பண்ணையார் இராஜபாளையத்தில் அவர் வீட்டு வாசலில் ஏறிக்கொண்டார். வெள்ளை வேஷ்டி, சால்வை, கையில் கோர்ட்டுக் காகிதம். நல்ல மனிதர். அவரைப் பற்றி ஒரு குறையும் நான் சொல்ல முடியாது. பின்னால் விஸ்தாரமாக உட்கார்ந்தார், நான் முன்னால் மாப்பிள்ளைக்குப் பக்கத்தில். கார் சத்தமே இல்லாமல் போனது. பருத்தி ஏற்றிய வண்டிகள் எதிரே வந்துகொண்டிருந்தன. புளியமர நிழலில் மாப்பிள்ளை ஒவ்வொன்றையும் பதமாக ஒதுங்கித் தாண்டினார். நான்காவது மைல் கல் வரைக்கும் எல்லாம் நன்றாக இருந்தது.

பிறகு வாசனை வந்தது.

"ஏமய்யா, காருக்குள்ள சாம்பிராணி போட்டீங்களா?" பின்னாலிருந்து பண்ணையார் கேட்டார்.

"எஞ்சின் சூடுங்கய்யா" என்றார் மாப்பிள்ளை.

பண்ணையார் சிரித்தார். "நானும் மில்லுல பங்கு போட்டவன். பெல்ட்டுக்குப் பூசுற வாசனை தெரியாதா எனக்கு? நிறுத்துங்க, செத்த பாப்போம்."

மாப்பிள்ளை ஒரு புளியமரத்தடியில் நிறுத்தினார். மூடியைத் திறந்ததும் எஞ்சினை ஓடவிட்டே பண்ணையார் குனிந்து பார்த்தார். கர், கர் என்று அது அப்போது மெல்லக் கேட்க ஆரம்பித்திருந்தது. கேட்கிறவனுக்குத்தான் கேட்கும்.

"பெல்ட்டு வழுக்குதுன்னா ஒண்ணுமில்ல. எங்க மில்லுல தினமும் வழுக்குது. அதுதானா?"

"அதுதான்ய்யா. பழைய தோலு" என்றார் மாப்பிள்ளை. பழைய துணியால் கையைத் துடைத்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னார்.

பண்ணையார் நிமிர்ந்து என் பக்கம் திரும்பினார். "கணக்கரே, நீங்க மில்லுக்காரர். அதோட நீங்க வேதக்காரங்க, பொய் பேசமாட்டீங்க. நீங்க சொல்லுங்க. பெல்ட்டா, புல்லியா? திங்கக்கெழம என் மகளப் பிரசவத்துக்கு மதுரையிலருந்து கூட்டியாரணும். அதான் கேக்கேன்."

அந்தப் பக்கத்தில் கிறிஸ்தவர்களான எங்களை வேதக்காரர்கள் என்றுதான் சொல்வார்கள். பாதி கேலியாகவும் பாதி மரியாதையாகவும் சொல்கிற சொல். மாப்பிள்ளையும் வேதக்காரர்தான், அவரிடமும் கேட்டுத்தான் ஆயிற்று. ஆனால் பண்ணையார் என்னைத்தான் நம்பத் தீர்மானித்திருந்தார்.

மதுரைக்குப் போகும் வழியை நினைத்துப் பார்த்தேன். நிறைமாதப் பெண் ஒருத்தி நடு ரோட்டில், கொதிக்கிற காருக்குப் பக்கத்தில் நிற்பதை நினைத்தேன். ஸ்ரீவில்லிபுத்தூரில் செம்பைப் பிடித்துக்கொண்டு நின்றவளையும் நினைத்தேன். திங்கட்கிழமை காலைக்குள் புஷ் வராது என்பது எனக்குத் தெரியும்.

"புல்லி" என்றேன்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தியிருந்தால், கேட்டார்கள், உண்மையைச் சொன்னேன் என்று இன்றைக்கு மனசைச் சமாதானம் செய்துகொள்ள முடியும். நான் நிறுத்தவில்லை. சுண்ணாம்புக் கோடு போட்டதைச் சொன்னேன். பெல்ட்டு ஒரு சுற்று வருவதற்குள் புல்லி மூன்று சுற்றுக்குமேல் வருவதைச் சொன்னேன். தண்ணீர் தெளித்ததைச் சொன்னேன். பித்தளைத் தூளைக் குனிந்து விரலில் எடுத்துக் காட்டினேன். குங்கிலியம் ஏன் கெடுதல் என்பதை மில்லுக்காரரான அவருக்கே விளக்கினேன். அவர் தலையை ஆட்டிக் கேட்கக் கேட்க எனக்கு உற்சாகம் ஏறியது. மில்லில் யாரும் என் எண்ணிக்கையை அப்படிக் கேட்டதில்லை. ஒரு சொல் மட்டும் சத்தியத்துக்காகச் சொன்னது. மீதி எல்லாம் எனக்காக.

"மஞ்சிதி" என்றார் பண்ணையார். நல்லது என்று அர்த்தம். "இப்படி ஆளு இருக்குறது நம்ம மில்லுக்கு நல்லது."

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. ஒரு நிமிஷம் இருக்கலாம். பிறகுதான் மாப்பிள்ளையின் முகத்தைப் பார்த்தேன். அதில் கோபம் இல்லை. மூடியை மெதுவாக, சத்தம் வராமல் இறக்கிக் கொக்கி போட்டார்.

மீதி வழியை மெல்ல ஓட்டினார். கோர்ட்டு வாசலில் பண்ணையார் இறங்கும்போது, "கார் நல்ல கார். ஓட்டமும் நல்ல ஓட்டம். புல்லியச் சரி பண்ணிட்டு வாங்க, பாப்போம்" என்றார். திரும்ப நான் ரயிலில் போய்க்கொள்கிறேன், நீங்கள் நிற்க வேண்டாம் என்றும் சொன்னார். அவரை எதற்காகக் குறை சொல்வது? மகள் திங்கட்கிழமை வர வேண்டும்.

தங்கை வீட்டுச் சந்தில் திருப்பும்போது மாப்பிள்ளை சொன்னார்: "பிரசங்கம் நல்லா இருந்துச்சு மச்சான். காணிக்கைத் தட்டு ஒண்ணுதான் எடுக்கல."

அவள் கறி எடுத்துக் குழம்பு வைத்திருந்தாள். மத்தியானத்துக்குள் பேச்சு முடிந்துவிடும் என்று அவளுக்கு அவ்வளவு நம்பிக்கை. இரண்டு தட்டு வைத்தாள்.

"பண்ணையாரு என்ன சொன்னாவ?"

"புல்லியச் சரி பண்ணிட்டு வரச் சொன்னாரு" என்றார் மாப்பிள்ளை.

சோறு போட்டுக்கொண்டிருந்தவள் கரண்டியை நிறுத்தினாள். "புல்லின்னு அவியளுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

மாப்பிள்ளை குழம்பைப் பிசைந்துகொண்டிருந்தார். அவர் சொல்லமாட்டார் என்று எனக்குப் புரிந்தது. என்னைக் காட்டிக்கொடுக்க அவர் நினைக்கவில்லை.

"நாந்தான் சொன்னேன்" என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள். நான் தட்டைப் பார்த்தேன். பிறகு சட்டிக்குள் கரண்டியை விட்டு ஈரல் துண்டு ஒன்றைத் தேடி எடுத்து என் தட்டில் வைத்தாள். சின்ன வயதிலிருந்து எனக்கு ஈரல் பிடிக்கும். "சாப்பிடுங்கண்ணே" என்றாள். அன்றைக்கு நான் எத்தனை தடவை மென்றேன் என்று தெரியாது. எண்ணவில்லை.

விசிறியைக் கழற்றி ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் சைக்கிளில் கட்டி இராஜபாளையத்துக்குக் கொண்டுபோனேன். திங்கட்கிழமை டர்னரைப் போய் நச்சரித்தேன். மதியத்துக்குமேல் லேத்துக்கு ஓய்வு கிடைத்தது. சாயங்காலம் புது புஷ் தயாராயிற்று. அன்று காலை விடிவதற்குள்ளேயே வேறொருவருடைய கார் பண்ணையாரின் மகளைக் கூட்டிவர மதுரைக்குப் புறப்பட்டுப் போயிருந்தது. கூட்டியும் வந்துவிட்டது. நன்றாக ஓடிய காரை அவர் எதற்காக விடப்போகிறார்? மாத வாடகையை அந்தக் காருக்கே பேசி முடித்தார்.

பழைய புஷ்ஷை டர்னர் கையில் வைத்துத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தபோது நான் கேட்டேன்: "இது இன்னும் எம்புட்டுத் தூரம் ஓடியிருக்கும்?"

"ஓடுனா ஓடியிருக்கும்."

"மதுரைக்குப் போயிட்டு வந்திருக்குமா?"

"வந்திருக்கும். திருமங்கலத்துலயே பிடிச்சிருந்தாலும் பிடிச்சிருக்கும். தேஞ்சத அளக்கலாம் பிள்ள, தேயப்போறத யாரு அளக்கா?" என்று சொல்லிவிட்டு அதைப் பித்தளைக் கழிவுப் பெட்டியில் போட்டார். நான் அவரிடம் வேறு பதிலை எதிர்பார்த்துப் போயிருந்தேன். தாங்கியிருக்காது, நாலு மைலில் நின்றிருக்கும் என்று அவர் சொல்லியிருந்தால் என் பாரம் இறங்கியிருக்கும். கட்டாயம் ஓடியிருக்கும் என்று சொல்லியிருந்தாலும் என் பாவம் இன்னது என்று தெரிந்திருக்கும்.

புது புஷ் போட்ட பிறகு கார் பூனை மாதிரி ஓடியது. ஓட்டிக்கொண்டுபோகத்தான் யாரும் இல்லை. ஆறேழு வாரம் மாப்பிள்ளை பொறுத்தார். நானும் தெரிந்தவர்களிடமெல்லாம் கார் வேண்டுமா என்று விசாரித்தேன். பண்ணையார் வீட்டுக்குக்கூட ஒருமுறை போனேன். மோர் கொடுத்தார்கள். "மனசுல வச்சிருக்கேன் கணக்கரே" என்றார் அவர். வைத்திருந்தார் என்றே நினைக்கிறேன்.

பேர் கொடுத்த அன்று மாப்பிள்ளை நேராக மில்லுக்கு வந்து என்னைக் கூப்பிட்டுச் சொன்னார். "லாரி ஓட்டணுமாம். எந்தச் சீமைன்னு சொல்லமாட்டான். ஒங்க தங்கச்சிய இங்க கூட்டியாந்துருங்க மச்சான். தனியா இருக்க வேண்டாம்."

"மாப்ளே, அன்னைக்கு நான்" என்று ஆரம்பித்தேன்.

"புல்லிதான அது?"

"புல்லிதான்."

"பொறவு விடுங்க" என்றார். அதற்குமேல் அதைப் பற்றி அவர் என்னிடம் பேசியதே இல்லை. பேசியிருக்கலாம்.

எனக்கு அப்போது கல்யாணம் ஆகவில்லை. இரண்டு அறை உள்ள வாடகை வீடு. தங்கை வந்து சேர்ந்தாள். காரைக் கிடைத்த விலைக்குத் தள்ளிவிட்டோம். பங்குனியில் பெண் பிறந்தது. தகப்பன் எங்கே இருக்கிறான் என்று எழுதக்கூடத் தணிக்கை விடாத காலம். எப்போதாவது ஒரு அட்டை வரும், சுகம் என்று இருக்கும். தங்கை அதைப் படித்துவிட்டு என்னிடம் தருவாள். கையெழுத்து அவருடையதுதானா என்று நான் எழுத்து எழுத்தாகப் பார்ப்பேன். அவள் ஒருநாளும் என்னை ஒரு சொல் சொன்னதில்லை. மில்லிலிருந்து வந்தால் வெந்நீர் தயாராக இருக்கும். வெள்ளிக்கிழமை சந்தையில் ஈரல் கிடைத்தால் வாங்கி வைப்பாள். அவள் முகம் வாடியிருக்கும் அன்றைக்கு நான் சாப்பாட்டில் உப்பு இல்லை என்றுகூடச் சொல்லமாட்டேன்.

குழந்தை என் மடியில் வளர்ந்தது. மில் சங்கு ஊதினால் தவழ்ந்து வாசலுக்கு வரும். பேச்சு வந்தபோது என்னைப் பார்த்து அப்பா என்றது. தங்கை, "மாமா சொல்லு, மாமா" என்று திருத்துவாள். நானும் மாமா என்று சொல்லிக்கொடுத்தேன். சுவரில் மாட்டியிருந்த படத்தைக் காட்டி அதுதான் அப்பா என்றேன். அது படத்தைப் பார்த்து அப்பா என்னும், பிறகு என் பக்கம் திரும்பியும் அப்பா என்னும். பக்கத்து வீட்டுக்காரர்கள் சிரிப்பார்கள்.

சண்டை முடிந்த அடுத்த வருஷம் மாப்பிள்ளை வந்தார். முழு ஆளாக, கை கால் எல்லாம் சரியாக வந்தார். கொஞ்சம் கறுத்து, வலது காது சற்று மந்தமாகி. அவருடைய மூத்த அண்ணன் வரவேயில்லை.

இராஜபாளையம் ஸ்டேஷனுக்கு மூன்று பேரும் போயிருந்தோம். அவர் பெட்டியை இறக்கி வைத்துவிட்டுத் தங்கையைப் பார்த்தார். அவள் அழவில்லை. முந்தானையை இழுத்து இழுத்துச் சரி செய்துகொண்டிருந்தாள். பிறகு அவர் பிளாட்பாரத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து கையை நீட்டினார். குழந்தை என் வேஷ்டியைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஒளிந்தது.

"அப்பா, இது யாரு?" என்று என்னைக் கேட்டது.

மூன்று வருஷம் திருத்தினேன் என்றுதான் என் நினைப்பு. அழுத்தித் திருத்தினேனா என்று கேட்டால் தெரியாது. சில நாள் அது அப்பா என்று கூப்பிட்டு ஓடி வந்தபோது, வீட்டில் யாரும் இல்லை என்றால், நான் திருத்தாமலே தூக்கிக்கொண்டது உண்டு.

மாப்பிள்ளை என்னை நிமிர்ந்து பார்த்தார். காது கேட்டதோ கேட்கவில்லையோ, விஷயம் அவருக்குப் புரிந்துவிட்டது. அந்த முகத்தில் புளியமரத்தடியில் பார்த்த அதே அமைதி இருந்தது. குழந்தையிடம் திரும்பிச் சொன்னார்: "நான் மாமா. மாமாகிட்ட வா, மாமா பிஸ்கோத்து வச்சிருக்கேன்."

அது என் வேஷ்டியை விட்டது. யோசித்து யோசித்து இரண்டடி வைத்து, அவர் கையிலிருந்த தகர டப்பாவைத் தொட்டது. அவர் பெட்டியை நான் தூக்கிக்கொண்டேன், குழந்தையை அவர் தூக்கிக்கொண்டார், தங்கை எங்கள் இருவருக்கும் நடுவில் நடந்து வந்தாள். அது அவரை அப்பா என்று கூப்பிடுவதற்கு அடுத்த மழைக்காலம் வரை ஆயிற்று. அதுவரை அது மாமா என்று கூப்பிட, அவர் ஏன் என்று பதில் குரல் கொடுத்துக்கொண்டிருந்தார், ஒரே வீட்டில், என் எதிரில்.